ஆளுக்கொரு மேசை இல்லாத ஆபீஸ்: பகிர்வு மேசைகள் எப்படி வேலை செய்கின்றன?

சென்னையில் ஓஎம்ஆர் பக்கம் இருக்கும் கம்பெனிகளில் இப்போது 'ஹாட் டெஸ்க்', அதாவது ஆளுக்கென்று ஒதுக்காமல் பலரும் மாறி மாறி உட்காரும் மேசை என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆபீஸ், மற்ற நாள் வீடு என்று ஆகிவிட்டது. காலியாகக் கிடக்கும் மேசைகளுக்கு ஏன் வாடகை கட்ட வேண்டும் என்று நிர்வாகம் கேட்கிறது. "இத்தனை வருஷம் வேலை பார்த்தும் எனக்கென்று ஓர் இடம்கூடக் கிடையாதா?" என்று ஊழியர் கேட்கிறார். இரண்டு பேரும் எண்ணிக்கையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நூறு பேருக்கு எழுபது மேசையா, அறுபதா?

எண்ணிக்கை இதில் பாதிதான். ஒருவருக்கென்று ஒதுக்கிய மேசை, நாம் கவனிக்காமலே பல வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. பொருள் வைக்கும் அலமாரி அது. உயரத்துக்கேற்ப ஒருமுறை திருகி வைத்துவிட்ட நாற்காலி அங்கே இருந்தது. வயர்கள் எல்லாம் ஏற்கெனவே செருகியிருந்தன. யாராவது நம்மைத் தேடி வந்தால், முகவரியும் அதுவேதான். மேசையைப் பொதுவாக்கிவிட்டால் இந்த வேலைகள் இல்லாமல் போய்விடாது. ஒவ்வொன்றுக்கும் வேறொரு இடம் பார்த்துத் தர வேண்டும். அதைச் செய்யாமல் மேசைகளை மட்டும் குறைத்த ஆபீஸ்களில்தான் புலம்பல் அதிகம்.

கட்டட நிர்வாகமோ ஐடியோ பழக்கமில்லாதவர்களுக்காக, அடிப்படையிலிருந்து எழுதுகிறேன்.

## பந்தியில் நடப்பது

கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணூறு பேரை அழைத்திருப்பார்கள். கூடத்தில் இருநூறு இலைதான் போட முடியும். இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார மாட்டார்கள் என்பது மண்டபக்காரருக்கும் தெரியும், வந்தவருக்கும் தெரியும்.

ஆனால் அது சுமுகமாக நடக்க மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். ஒரு பந்தி எழுந்ததும் இலையை எடுத்து, மேசையில் விரித்த காகிதத்தைச் சுருட்டி, புதுக் காகிதம் விரித்து, இலையும் தண்ணீர் பாட்டிலும் வைத்த பிறகுதான் அடுத்தவர் உட்காரலாம். முன்னால் ஒருவர் சாப்பிட்ட சுவடே தெரியக் கூடாது. அடுத்தது கூட்டத்தின் வேகம். முகூர்த்தம் முடிந்த கையோடு மொத்தக் கூட்டமும் பந்திக்குப் பாய்ந்தால், இருநூறு இலைக் கணக்கு அங்கேயே உடைந்துவிடும். மூன்றாவது, பயம். இடம் கிடைக்காதோ என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் போதும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னாலேயே போய் நிற்பார்கள். கைப்பை, கைக்குட்டை, குழந்தை என்று எதையாவது வைத்து நாலு இடம் பிடிப்பார்கள்.

பகிர்வு மேசையிலும் இதே மூன்றுதான். ஒருவர் போனதும் மேசை பழைய நிலைக்குத் திரும்புவதை மீட்டமைப்பு என்று சொல்லலாம். ஒரே நாளில் எல்லோரும் வந்து குவிவது உச்ச நாள். கிடைக்காதோ என்ற பயத்தில் முன்கூட்டியே அமுக்கி வைப்பது இடம்பிடிப்பு. ஒரு வித்தியாசம் உண்டு. பந்தியில் உட்காருவது அரை மணி நேரம். இலை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆபீஸில் எட்டு மணி நேரம் உட்கார வேண்டும். உடம்பும் வேறு, லேப்டாப்பும் வேறு. அதனால்தான் மேசையில் என்ன வைக்கிறோம் என்பது இங்கே பெரிய விஷயமாகிறது.

## எல்லாப் பகிர்வும் ஒன்றல்ல

ஒரே மேசையைப் பலர் பயன்படுத்துவது நமக்குப் புதிதல்ல. கால் சென்டர்களிலும் பிபிஓக்களிலும் பகலில் ஒருவர் உட்கார்ந்த சீட்டில் ராத்திரி ஷிஃப்ட்டுக்கு இன்னொருவர் உட்காருவது பழைய வழக்கம். அங்கே யார் எப்போது எங்கே என்பதை ரோஸ்டர் என்ற ஷிஃப்ட் அட்டவணை முடிவு செய்துவிடும். கம்ப்யூட்டரும் கம்பெனியுடையது, மேசையோடு கட்டிப்போட்டது. ஆள் வந்து லாகின் செய்தால் வேலை தொடங்கிவிடும். நேரத்தால் பிரிக்கப்பட்ட பகிர்வு இது.

இப்போது பேசப்படும் பகிர்வில் ரோஸ்டர் கிடையாது. இதில் மூன்று வகை. முன்பதிவு எதுவும் இல்லாமல், வந்தவர் காலியாக இருக்கும் இடத்தில் உட்காருவது ஹாட் டெஸ்க். முதல் நாளே ஆப்பில் மேசையைப் பதிவு செய்துவிட்டு வருவது ஹோட்டலிங். பாதி நாள் வாடிக்கையாளர் இடத்திலேயே கழிக்கும் ஆடிட், கன்சல்டிங் ஆட்களுக்காக 1990களில் பரவிய முறை அது. ஒரு டீமுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கி, அந்தப் பகுதிக்குள் யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது மூன்றாவது. நம் ஆபீஸ்களில் இந்தப் பகுதியை 'பே' என்பார்கள்.

என்னைக் கேட்டால், தொடங்குபவர்களுக்கு மூன்றாவதுதான் பாதுகாப்பானது. கூடவே முன்பதிவும் இருந்தால் இன்னும் நல்லது. முழுக்க 'வந்தவர் உட்காரலாம்' முறை, மேசைகள் தாராளமாக இருக்கும் இடத்தில்தான் எடுபடும். மேசைகளைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடே என்னும்போது, அங்கே தாராளத்துக்கு எங்கே போவது?

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஷிஃப்ட் பகிர்வில் யார் எப்போது என்பது முன்பே முடிவாகிவிடும். நாள்வாரிப் பகிர்வில் அதை ஆட்கள் தாங்களே முடிவு செய்கிறார்கள். சிக்கல்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

## எத்தனை மேசை? சராசரி ஏமாற்றும்

ஆட்களின் எண்ணிக்கையை மேசைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது பகிர்வு விகிதம். 100 பேருக்கு 70 மேசை என்றால் ஏறக்குறைய 1.4. சிலர் இதையே தலைகீழாக 0.7 என்று சொல்வார்கள். மீட்டிங்கில் ஒருவர் ஒரு கணக்கிலும் மற்றவர் மறு கணக்கிலும் பேசிக்கொண்டிருப்பது சகஜம். முதலிலேயே எது எது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கே எல்லோரும் செய்யும் கணக்கு இது: "வாரத்தில் ஐந்தில் மூன்று நாள் வருகிறார்கள். 100 பேரில் சராசரியாக 60 பேர். ஆகவே 60 மேசை போதும்." போதாது. சராசரி 60 என்றால், பல நாள்களில் 60க்கு மேல் வருவார்கள் என்றுதான் பொருள்.

அப்படியென்றால் எத்தனை வேண்டும்? ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்க்காமல், தம் இஷ்டப்படி ஐந்தில் மூன்று நாள் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 பேர் கொண்ட சின்ன ஆபீஸில் சராசரி 6. அங்கே 8 மேசை போட்டால், கிட்டத்தட்ட இருபது நாளில் ஒரு நாள் பற்றாக்குறை வரும். 100 பேர் கொண்ட ஆபீஸில் அதே அளவு நிம்மதிக்கு 68 மேசை போதும். சின்ன ஆபீஸுக்கு ஆட்களில் 80 சதவீதம், பெரிய ஆபீஸுக்கு 68 சதவீதம். கூட்டம் பெரிதாகும்போது ஒருவர் வராத இடத்தை இன்னொருவர் நிரப்பிவிடுகிறார். ஏற்ற இறக்கம் தணிகிறது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த அக்னர் கிராருப் எர்லாங் என்ற டென்மார்க் கணித அறிஞர், இத்தனை சந்தாதாரர்களுக்கு எத்தனை டெலிபோன் லைன் போதும் என்ற கேள்வியை 1909லும் 1917லும் இதே வழியில்தான் அணுகினார். நம் ஆபீஸ் கணக்கு அவருடையதைவிட எளிது.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம்: பத்துப் பேர் டீம்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலி போட்டுப் பகிர்ந்தால் பெரிய லாபம் இல்லை. முப்பது நாற்பது பேருக்கு ஒரு பே என்று வைத்தால்தான் பகிர்வு பலன் தரும்.

சரி, 68 மேசை போட்டுவிடலாமா? 'மற்றவரைப் பார்க்காமல்' என்றோமே, அதில்தான் ஓட்டை. மனிதர்கள் மற்றவரைப் பார்த்துத்தான் வருகிறார்கள். மேனேஜர் வரும் நாளில் டீமே வரும். செவ்வாய், புதன், வியாழனில் கூட்டம் நெரியும். நீண்ட வார விடுமுறைக்கு முந்தைய வெள்ளியில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை என்று சொல்லிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார்கள். 100 பேரும் அதே மூன்று நாளைத் தேர்ந்தெடுத்தால், மூன்று நாளும் 100 மேசை வேண்டும். திங்களும் வெள்ளியும் ஈ காக்கைகூட இருக்காது. அப்போதும் சராசரி அதே 60தான்!

ஆகவே சராசரியைக் கேட்காதீர்கள். கடந்த இரண்டு மூன்று மாதத்தின் வாசல் கார்டு பதிவை நாள்வாரியாக எடுங்கள். மொத்த ஆபீஸையும் கூப்பிட்ட டவுன்ஹால் மாதிரியான விசேஷ நாள்களைத் தள்ளிவிட்டு, மீதியில் அதிகக் கூட்டம் வந்த நாளைப் பாருங்கள். அந்த நாளில் காலை பதினொன்றுக்கும் மதியம் மூன்றுக்கும் நடந்துபோய் எண்ணினால் இன்னும் துல்லியம். ஆபீஸுக்குள் இருந்தும் மேசையில் இல்லாதவர்கள் பலர். மீட்டிங் ரூமிலும் கான்டீனிலும் இருப்பார்கள்.

அந்த எண் கைக்கு அடங்காமல் பெரிதாக இருந்தால், மேசை வாங்குவதற்கு முன் நாள்களைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு பெரிய டீம்களின் கட்டாய வருகை நாளை வேறு வேறு நாளில் வைத்தாலே உச்சம் கணிசமாக இறங்கிவிடும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. இரண்டு மேனேஜர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அது சில சமயம் மேசை வாங்குவதைவிடக் கஷ்டம்.

## மேசையை மட்டும் எடுத்தால் என்ன ஆகும்?

இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. ஷையட் டே என்ற அமெரிக்க விளம்பர நிறுவனத்தின் தலைவர் ஜே ஷையட், 1990களின் நடுவில் தம் லாஸ் ஏஞ்சலிஸ் ஆபீஸில் தனி மேசை, தனி அறை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். காலையில் வந்ததும் ஒரு கவுன்டரில் லேப்டாப்பும் போனும் வாங்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். சொந்தப் பொருளுக்குச் சின்ன லாக்கர். அன்றைக்கு இது உலகப் பேச்சானது.

உள்ளே நடந்ததோ வேறு. லேப்டாப்பும் போனும் எல்லோருக்கும் போதவில்லை. சீக்கிரம் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சிலர் மறுநாளுக்காக ஒளித்தும் வைத்தார்கள். லாக்கரில் ஃபைல்கள் அடங்கவில்லை. கார் டிக்கி அலமாரி ஆனது. ஒரு பெண்மணி குழந்தைகள் இழுத்து விளையாடும் வண்டியில் ஃபைல்களை வைத்து ஆபீஸ் முழுக்க இழுத்துக்கொண்டு திரிந்தார். யாரைப் பார்க்க வேண்டுமானாலும் தேடி அலைய வேண்டியிருந்தது. 1995இல் அந்த நிறுவனத்தை ஆம்னிகாம் வாங்கியது. 1998இல் புதுக் கட்டடத்துக்குப் போனபோது ஆளுக்கொரு இடம் திரும்பி வந்தது.

ஷையட்டின் யோசனையே கிறுக்குத்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. அலமாரி வேலை, கருவி வேலை, முகவரி வேலை என்று மேசை செய்துவந்த மூன்றுக்கும் அங்கே மாற்று ஏற்பாடு போதாமல் போனது. இன்றைக்கு ஆளுக்கொரு லேப்டாப்பும், பாக்கெட்டில் போனும், ஃபைல்கள் எல்லாம் சர்வரிலும் இருப்பதால் பாதிப் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிட்டது. மீதிப் பாதிதான் நம் வேலை.

## மேசையில் என்ன இருக்க வேண்டும்?

இலக்கு இது: முன்பின் அந்த மேசையைப் பார்த்திராத ஒருவர், லேப்டாப்பைத் திறந்து ஒரே ஒரு கேபிளைச் செருகி, இரண்டு நிமிடத்தில் வேலையைத் தொடங்க வேண்டும். அந்த ஒரு கேபிளில் சார்ஜ், பெரிய திரை, இன்டர்நெட் எல்லாம் வந்துவிட வேண்டும்.

இதைச் செய்வது டாக். லேப்டாப்புக்கும் மற்ற சாதனங்களுக்கும் நடுவில் இருக்கும் சின்னப் பெட்டி. மானிட்டர், நெட்வொர்க் வயர் எல்லாம் எப்போதும் அதில் செருகியிருக்கும். லேப்டாப் மட்டும் வந்து போகும். சில மானிட்டர்களுக்குள்ளேயே டாக் இருக்கிறது. வயர் குறைவு, திருடுபோகாது என்பதால் புது ஆபீஸுக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

டாக்கும் லேப்டாப்பும் சேரும் இடம் பெரும்பாலும் யுஎஸ்பி-சி. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். "எங்க லேப்டாப் எல்லாத்துலயும் யுஎஸ்பி-சி இருக்கு, அப்ப எல்லாம் வேலை செய்யும்" என்பார்கள். யுஎஸ்பி-சி என்பது துளையின் வடிவம் மட்டுமே. அதன் வழியே மின்சாரம், தகவல், படம் என்று மூன்று தனித்தனி விஷயங்கள் போகலாம், போகாமலும் இருக்கலாம். லேப்டாப்பின் துளை, கேபிள், டாக் ஆகிய மூன்றும் ஒத்துக்கொண்டால்தான் ஒவ்வொன்றும் நடக்கும்.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். மெல்லிய ஆபீஸ் லேப்டாப்புக்கு 45 முதல் 65 வாட் போதும். வடிவமைப்புக்கான கனமான லேப்டாப் 100 வாட்டுக்கு மேலும் கேட்கும். சாதாரண யுஎஸ்பி-சி கேபிள் 60 வாட் வரைதான் தாங்கும். அதற்கு மேல் கொண்டுபோக, 'நான் இவ்வளவு தாங்குவேன்' என்று சொல்லும் சின்னச் சிப் கேபிளுக்குள் இருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். படமும் அப்படித்தான். போன் சார்ஜருடன் வரும் கேபிள் பலவற்றில் படம் போகாது. சில லேப்டாப்களில் இரண்டு யுஎஸ்பி-சி துளை இருந்தும் ஒன்றில் மட்டும்தான் படம் வரும். அதனால் டாக்குடன் வந்த கேபிளையே, அதிலிருந்து கழற்ற முடியாதபடி கட்டிவையுங்கள். மாலையில் யாரோ போன் சார்ஜ் போட எடுத்துப்போய், மறுநாள் வேறொரு கேபிள் அந்த இடத்தில் முளைத்திருந்தால், 'டாக் ரிப்பேர்' என்று ஐடி சப்போர்ட்டுக்கு டிக்கெட் வரும். டாக்கில் ஒரு கோளாறும் இருக்காது.

இரண்டு மானிட்டர் வைக்கும் ஆபீஸ்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் லேப்டாப்பில் இரண்டு திரையிலும் தனித்தனிப் படம் காட்டும் டாக், மேக்புக்கில் இரண்டிலும் ஒரே படத்தைக் காட்டலாம். எம்1 சிப் உள்ள மேக்புக் ஏர், இயல்பாக ஒரே ஒரு வெளித்திரையைத்தான் தாங்கும். தனி மென்பொருள் போட்டு இதைச் சமாளிக்கும் டாக்குகள் உண்டு. விலையும் பராமரிப்பும் கூடும். கலவையான லேப்டாப்கள் இருக்கும் இடத்தில் 24 அங்குலம் இரண்டைவிட 27 அங்குலம் ஒன்றே மேல் என்பது என் கட்சி. இதற்கு எதிர்க்கட்சியும் பலமாகவே இருக்கிறது.

எதை வாங்கினாலும், கம்பெனியில் எத்தனை மாடல் லேப்டாப் இருக்கிறதோ அத்தனையையும் ஒரே ஒரு மாதிரி மேசையில் செருகிப் பார்த்துவிட்டு மொத்த ஆர்டர் போடுங்கள்.

கீபோர்டு, மவுஸ் விஷயத்தில் வயர்லெஸ் வேண்டாம். செருகும் குட்டி ரிசீவர் தொலைந்துவிடும். புளூடூத் என்றால் அது நேற்று இணைத்தவரின் லேப்டாப்போடு மறுபடி சேர்ந்துகொண்டு, நீங்கள் டைப் அடிப்பது பக்கத்து மேசைக்காரரின் திரையில் போய் விழலாம். வயர் உள்ளதை டாக்கில் செருகிவைக்கலாம். அல்லது ஆளுக்கொரு செட் கொடுத்துவிடலாம். அடுத்தவர் விரல் பட்ட கீபோர்டு பிடிக்காதவர்கள் நிறைய. ஹெட்செட்டில் சந்தேகமே வேண்டாம், அது சொந்தமாகத்தான் இருக்க வேண்டும்.

பிளக் பாயிண்ட் மேசைக்கு மேலே, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கீழே இருந்தால் தினமும் யாராவது ஒருவர் முட்டிபோட்டுத் தேடுவார். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும் யுபிஎஸ் லைன், அந்த வசதி இல்லாத ரா பவர் லைன் இரண்டும் இருந்தால் நிறத்தால் பிரித்து, எழுதியும் ஒட்டுங்கள். புதிதாக உட்காருபவருக்கு எது எது என்று தெரியாது. மானிட்டரும் டாக்கும் யுபிஎஸ்ஸில். போன் சார்ஜர், மேசை விளக்கு எல்லாம் ராவில். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்திவிட வேண்டும்.

இன்னொன்று, எல்லா மேசையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நாலு மேசையில் பெரிய மானிட்டர், மற்றவற்றில் சின்னது என்று வைத்தால், அந்த நாலுக்காகக் காலை எட்டரைக்கே பை வந்து உட்கார்ந்துவிடும்.

சுருக்கமாக: மேசையில் தங்குவது எல்லாம் கழற்ற முடியாததாக இருக்கட்டும். கழற்றக்கூடியது எல்லாம் ஆளோடு போகட்டும்.

## உடம்புக்கேற்ற மேசை

நம் ஆபீஸ் மேசைகள் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர் உயரத்தை ஒட்டியே வரும். உயரமான ஆணுக்கு அது சரி. ஐந்தடிப் பெண்ணுக்கு அது உயரம். முழங்கை மேசை மட்டத்துக்கு வர நாற்காலியை ஏற்றினால் கால் தரையில் படாது. தனி மேசை இருந்த காலத்தில் அவர் ஒரு பழைய அட்டைப் பெட்டியைக் காலுக்குக் கீழே தள்ளி வைத்திருப்பார். பகிர்வு மேசையில் அந்தப் பெட்டி இருக்காது. எனவே ஒவ்வொரு பேயிலும் சில கால்மணைகள் வேண்டும். விலை குறைவு, ஆனால் ஆர்டரில் இதை மறக்காத ஆபீஸ் அபூர்வம்.

உட்காரும் வரிசை எளிது. முதலில் தோள் தூக்காமல் முழங்கை மேசை மட்டத்தில் இருக்கும்படி நாற்காலியை ஏற்றவோ இறக்கவோ செய்ய வேண்டும். கால் தொங்கினால் கால்மணை. பிறகு முதுகுத் தாங்கலை இடுப்பு வளைவுக்குக் கொண்டுவர வேண்டும். கடைசியில் திரை: ஒரு கை நீட்டும் தூரம், மேல் விளிம்பு கண் மட்டத்துக்கோ சற்றுக் கீழோ. தூரத்துக்கும் வாசிப்புக்கும் சேர்த்த பைஃபோக்கல் கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் நாள் முழுக்க அண்ணாந்தே இருப்பார்கள்.

தினமும் ஆள் மாறும் இடத்தில் இதெல்லாம் தினமும் நடக்க வேண்டும். நாற்காலிக்குக் கீழே மூன்று நெம்புகோல் இருந்தாலும் எது எதற்கு என்று தெரிந்தவர் குறைவு. ஒரு படம் போட்ட சின்ன அட்டையை நாற்காலியில் தொங்கவிட்டாலே போதும். திரைக்கு, ஒரு கையால் ஏற்றி இறக்கக்கூடிய மானிட்டர் ஆர்ம் நல்லது. வாங்கும் முன் மானிட்டரின் முதுகில் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; அது இல்லாத மலிவு மாடல்களை ஆர்மில் மாட்ட முடியாது.

பட்டனைத் தட்டினால் உயரும் மேசைகள் வந்துவிட்டன. நல்லவை 65 முதல் 125 சென்டிமீட்டர் வரை போகும். குட்டையானவருக்கும் உயரமானவருக்கும் ஒரே மேசை பொருந்தும். பணம் இருந்தால் போடலாம். இல்லாவிட்டால் முதல் செலவு நாற்காலிக்கு, அடுத்தது மானிட்டர் ஆர்முக்கு, அதன் பிறகே இந்த மேசை. விளம்பரப் புகைப்படத்துக்காக இந்த வரிசையை மாற்றும் ஆபீஸ்கள் உண்டு.

மேசைகளைப் போடும் திசையில் ஒரே ஒரு விதி: ஜன்னல் திரைக்கு முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். கண்கூச்சம் குறையும். ஏசி நேராகத் தலையில் இறங்கும் மேசை எப்போதும் கடைசியில்தான் நிரம்பும். ஏசிக் காற்றை முதலிலேயே வேறு பக்கம் திருப்பிவிட்டால் ஒரு மேசை மிச்சம்.

## லாக்கரும் துடைப்பதும்

லாக்கர் எண்ணிக்கை மேசையைப் பொறுத்ததல்ல, ஆட்களைப் பொறுத்தது. 100 பேர், 70 மேசை என்றால் 100 லாக்கர். இங்கே 70 வாங்கிவிட்டு விழிப்பவர்கள் உண்டு. அளவும் முக்கியம். வெளிநாட்டு அட்டவணையைப் பார்த்து வாங்கினால் லேப்டாப் பைக்கு மட்டும் இடம் இருக்கும். நம் ஊரில் பைக்கில் வருபவரின் ஹெல்மெட், மழைக் கோட்டு, சாப்பாட்டுப் பை மூன்றும் உள்ளே போக வேண்டும். ஹெல்மெட் அடங்காத லாக்கர் இருக்கும் ஆபீஸில் மேசைக்கு மேல் ஹெல்மெட் இருக்கும். அந்த மேசை மறுபடி ஒருவருடைய சொந்த மேசை ஆகிவிடும்.

போகும்போது மேசையில் எதுவும் இருக்கக் கூடாது என்பது வெறும் சுத்தத்துக்காக மட்டுமல்ல. தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 தரத்திலும் 'காலி மேசை, பூட்டிய திரை' என்ற விதி இருக்கிறது. வாடிக்கையாளர் விவரம் எழுதிய தாள் அடுத்த நாள் வேறொரு டீம் ஆளின் கையில் கிடைக்கக் கூடாது.

இதைப் பயன்படுத்துபவரின் நல்ல மனத்துக்கு மட்டும் விட்டுவிட்டால் நடக்காது. தினமும் மாலை ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் துடைக்கும்போதே, கேபிள் இருக்கிறதா, நாற்காலி உள்ளே தள்ளியிருக்கிறதா, கீபோர்டு இடத்தில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். திரையை மென்மையான துணியால் துடைக்க வேண்டும். பிளீச்சிங் கலந்த திரவம் அதன் பூச்சைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு மேசைக்கும் ஓர் எண் ஒட்டுங்கள். கோளாறு என்றால் அந்த எண்ணைச் சொல்லிப் புகார் தரலாம். சரியாகும்வரை அந்த மேசையைப் பதிவிலிருந்து எடுத்துவிட வேண்டும். கோளாறான மேசையைப் பதிவு செய்துவிட்டு வந்து ஏமாந்தவர், அடுத்த வாரத்திலிருந்து இரண்டு மேசை பதிவு செய்வார்.

## முன்பதிவும் கண்காணிப்பும்

பதிவு செய்துவிட்டு வராமல் இருப்பவர்களால்தான் முன்பதிவு முறை கெடுகிறது. ஆப்பில் எல்லா மேசையும் நிரம்பியிருக்கும். தளத்தில் பாதி காலியாகக் கிடக்கும். இதற்குத் தீர்வு வருகைப் பதிவு. மேசையில் ஒட்டிய க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால்தான் பதிவு உறுதியாகும். குறிப்பிட்ட நேரத்துக்குள் செய்யாவிட்டால் மேசை மற்றவருக்குத் திறந்துவிடும். மழையும் டிராஃபிக்கும் உள்ள ஊரில் அந்த நேரத்தை அரை மணி நேரத்துக்கும் குறைவாக வைப்பது கொடுமை. ஒரு மாதத்துக்கு மொத்தமாகப் பதிவு செய்யும் வசதியையும் கொடுக்காதீர்கள். ஒரு வாரம் போதும். முகவரிப் பிரச்சினையும் இங்கேயே தீர்ந்துவிடும்: இன்று யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதை அதே ஆப்பில் சக ஊழியர்கள் பார்க்க முடிந்தால், தளம் முழுக்கத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஸ்கேன் எதற்கு, மேசைக்கு அடியில் சென்சார் வைத்தால் ஆள் இருக்கிறாரா என்று தானாகத் தெரிந்துவிடுமே என்று ஒரு யோசனை வரும். 2016 ஜனவரியில் லண்டனில் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை ஆபீஸில் முன்னறிவிப்பில்லாமல் அப்படி வைத்தார்கள். ஊழியர்களும் சங்கமும் கொதித்தெழ, அன்றைக்கே கழற்றிவிட்டார்கள். மேசை காலியா என்பதை அளக்கும் கருவி, ஆள் வேலை செய்கிறாரா என்பதை அளக்கும் கருவியாகவும் தெரியும். வைப்பதென்றால் சொல்லிவிட்டு வையுங்கள், பெயர் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் சேமியுங்கள்.

## யாருக்குச் சொந்த மேசை வேண்டும்?

நூறு சதவீதப் பகிர்வு எங்கும் சரிவராது. முதுகுப் பிரச்சினைக்காகத் தனி நாற்காலி பயன்படுத்துபவர், சக்கர நாற்காலியில் வருபவர், திரைவாசிப்பு மென்பொருளோடு தனிக் கருவி வைத்திருப்பவர் ஆகியோருக்கு நிலையான மேசை தர வேண்டும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தேவைக்கேற்ற வசதி செய்து தருவதைப் பற்றிப் பேசுகிறது. தினமும் ஆபீஸ் வரும் அக்கவுண்ட்ஸ் ஆட்கள், தனிப்பட்ட சம்பள விவரம் கையாளும் எச்ஆர், ரிசப்ஷன், கழற்றி மாட்ட முடியாத கருவிகளோடு வேலை செய்யும் ஐடி சப்போர்ட் எல்லோரையும் இதில் சேர்க்கலாம். தினமும் வருபவரைப் பகிர்வில் சேர்த்தாலும் ஒரு மேசையும் மிச்சமாகாது.

கர்ப்பிணிகள், அறுவை சிகிச்சை முடிந்து திரும்பியவர்கள் போன்றவர்களுக்கு சில மாதத்துக்கு மட்டும் நிலையான மேசை தேவைப்படும். ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லிக் கெஞ்ச வைக்காமல், ஒரு மெயிலில் முடியும்படி வையுங்கள்.

இந்த விதிவிலக்குகளை எழுதி, காரணத்தின் வகையோடு எல்லோருக்கும் தெரியும்படி வைத்துவிடுவது நல்லது; யாருடைய உடல்நலத்தையும் அதில் விவரிக்க வேண்டியதில்லை. 'மேனேஜர்' என்பது அந்தப் பட்டியலில் ஒரு காரணமாக இருந்தால், அடுத்த மாதத்துக்குள் மற்ற மேசைகளிலும் சாமி படமும் செடித் தொட்டியும் வந்து உட்கார்ந்திருக்கும்.